மொக்கைச்சாமிக்கு எந்தக் கால்?

போன மாதம் என்னை மதிப்பிட ஒரு பெண் வந்தாள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கருவி. முதியோர் நலத்திட்டம் ஏதோ ஒன்றிலிருந்து வருவதாகச் சொன்னாள். "யாரும் பிடிக்காம நீங்களே மாடிப்படி ஏறுவீங்களா பாட்டி?" என்று கேட்டாள். ஏறுவேன் என்றேன். "தூக்கம் நல்லா வருதா?" அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன் என்றேன். இரண்டும் பொய். பிறகு சிலேட்டைத் திருப்பி ஐந்து முகங்களைக் காட்டினாள். முதல் முகம் அழுதது, கடைசி முகம் சிரித்தது. "இதுல நீங்க எது?" கடைசி முகத்தைத் தொட்டேன். அவளுக்கு ரொம்பத் திருப்தி.

செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களும் அந்தக் காலத்துல இதே வேலைதான் பாத்தீங்களாமே, எங்க மேடம் சொன்னாங்க. அப்பல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்றாள். அவளுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது. "பென்சிலால செஞ்சோம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். பொய் சொல்லும் வயதானவர்களைக் கண்டுபிடிப்பதுதான் ஒரு காலத்தில் என் உத்தியோகம். அதனால்தான் எனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வருகிறது.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அப்பாவை அத்தா என்போம்; அவருக்குத் தோல் வியாபாரம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரையில் சமூக சேவைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே கற்றதில் பாதி மறந்துவிட்டது, மீதி உதவவில்லை. ஊர் திரும்பியபோது திண்டுக்கல்லில் ஒரு தர்ம சங்கம் புதிதாக ஒரு முயற்சியைத் தொடங்கியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. வயதானவர்களுக்கு மருந்து கொடுப்பது ஓர் ஆள், சோறு தண்ணி துணிமணி கவனிப்பது வேறோர் ஆள் என்று இருந்ததை மாற்றி, இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு அனுப்புவது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ், சங்கத்திலிருந்து ஒரு பணிப்பெண். கேட்க எளிதாக இருக்கிறது. அந்த இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றுவதற்கே எத்தனையோ கடிதம் போனது, வந்தது.

இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா என்று பார்த்து மெட்ராஸில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு எழுத ஒரு சின்னக் குழு. அதில் கடைசி ஆள் நான். முதல் ஆள் நீலமேகம் சார். நடுவில் யாரும் இல்லை.

நீலமேகம் சாருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காக்கித் தொப்பி, மடித்த குடை, சட்டைப் பையில் மூன்று பென்சில். பேனாவை அவர் நம்பமாட்டார். "பேனால எழுதினா எழுதினவனுக்கே அது நிஜம்னு தோணிரும்" என்பார். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. சாதாரணமாக என்னை "அம்மா" என்பார். கோபம் வந்தால் "மேடம்" என்பார். அந்தச் சொல் வந்தால் என் படிவத்தில் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

அவருடைய முறை மூன்றே எழுத்தில் அடங்கும். படிவத்தில் நாற்பது கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்ததென்றால் 'பா'. அவர்கள் சொல்லிக் கேட்டதென்றால் 'கே'. நாமே நினைத்துக்கொண்டதென்றால் 'நி'. 'பா'வுக்கு முழு மதிப்பு, 'கே'வுக்குப் பாதி. 'நி' போட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். "நீ நினைக்கிறதுக்கு எதுக்கும்மா ஜீப்பு? வீட்டுலயே உக்காந்து நினைக்கலாமே" என்பார்.

இதன் அருமை எனக்கு நத்தத்தில் புரிந்தது. என் முதல் ஆள் அங்கே புளியந்தோப்புக் காவலிருந்த ஒரு பெரியவர். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து உபசரித்தார். நாற்பது கேள்விக்கும் முகமெல்லாம் மலர "ஆமா தாயி" என்றார். நல்ல மனிதர், சீக்கிரம் முடிந்தது என்று மகிழ்ந்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டு வந்து கொடுத்தேன். சார் படித்துவிட்டு இரண்டு கேள்விகளைச் சுற்றி மெல்லிசாக வட்டம் போட்டார். ஒன்று, நன்றாகத் தூங்குகிறாரா? ஆம். மற்றது, தூக்கமில்லாமல் அவதிப்படுகிறாரா? ஆம்.

"இந்த மனுஷனுக்கு என்ன கஷ்டம்னு உனக்குத் தோணுது?" என்றார்.

"தூக்கக் கோளாறா சார்?"

"காது கேக்கல."

மறுநாள் போய்ப் பார்த்தேன். பின்னால் நின்று தகரத்தைத் தட்டினேன். தோப்பில் இருந்த கிளி அத்தனையும் பறந்தன. பெரியவர் அசையவில்லை. அந்த வாரமே படிவத்தில் ஒரு கேள்வி கூடியது. முதல் கேள்வியாக.

அதற்குப் பிறகு வாயால் கேட்பதைக் குறைத்துக் கண்ணால் பார்ப்பதைக் கூட்டினோம். சார் நான்கு சோதனைகள் வைத்தார். தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழுகிறாரா? ஊசியில் நூல் கோக்கிறாரா? ஒரு செம்புத் தண்ணீர் சிந்தாமல் கொண்டு வருகிறாரா? நான்காவது சோதனை என்று அவர்களுக்கே தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போது நான் பென்சிலைத் தவறவிட வேண்டும். குனிந்து எடுத்துக் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை பென்சிலைத் தவறவிட்டு அது என் கைக்கே பழக்கமாகிவிட்டது. வீட்டில் கரண்டியைத் தவறவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்கிலும் தேறியவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம். அவருக்கு இனி உதவி வேண்டாம், திட்டத்துக்கு வெற்றி. இன்னொரு விதியும் இருந்தது. ஓர் ஊரில் தேறாதவர் பத்துப் பேராவது இருந்தால்தான் ஜீப் போகும். ஒன்பதானால் நின்றுவிடும். இந்த இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க மெட்ராஸில் யாருக்கும் நேரமில்லை. எங்களுக்கும்தான்.

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் அப்படி ஓர் ஊர். பெயர் வேண்டாம்; நான் சொல்லப் போகிறவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கே தக்காளியும் மல்லிகையும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பதினைந்து பேர் பட்டியலில் இருந்தார்கள். நர்ஸ் ரோஸி சிஸ்டர் கெட்டிக்காரி. நான்கே மாதத்தில் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். மிச்சம் சரியாகப் பத்து. அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. மாதா மாதம் போகிறேன், அதே பத்துப் பேர், அதே முனகல்.

அந்தப் பத்துப் பேருக்கும் தலைவி மாதிரி இருந்தவர் பொன்னாத்தா. ஒல்லியான உடம்பு, தெரு முனையிலிருந்தே கேட்கும் குரல். ஊசியைக் கையில் கொடுத்தால் துளையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நூலால் குத்துவார். "கண்ணுல பொகை மூடுனாப்புல இருக்கு தாயி" என்பார். மொக்கைச்சாமி என்ற பெரியவர் நொண்டிக்கொண்டு வருவார். அவர் தண்ணீர்ச் செம்பைக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் பாதி தரையில் இருக்கும். நான் பென்சிலைத் தவறவிட்டால் ஒன்பது பேரும் அதைப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் நானே எடுத்துக்கொள்வேன்.

பத்தாவது ஆள் காளியப்பன். அவருக்குச் சோதனையே தேவையில்லை. கிணறு வெட்டும் தொழிலாளி. அந்த ஊர்க் கிணறுகளில் பாதி அவர் கை வெட்டியது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கச் செயலற்று, மல்லிகைத் தோட்டத்து ஓரக் குடிசையில் படுத்த படுக்கை. மனைவி இல்லை, மக்கள் இல்லை. முதுகில் படுக்கைப்புண். ரோஸி சிஸ்டர் முதலில் பார்த்தபோது உள்ளங்கை அகலம் இருந்ததாம். ஜீப் வருகிற நாளில் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டுவார். "மருந்து பாதிதான். ரெண்டு மணிக்கொரு தடவை ஆளைப் புரட்டிப் போடணும். யார் செய்வா?" என்று கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் புண் மாதா மாதம் சிறுத்தது. "நான் வச்ச மருந்து இம்புட்டு நல்ல மருந்தில்லையே" என்று அவரே ஆச்சரியப்படுவார்.

ஒரு நாள் சோதனையெல்லாம் முடித்து ஜீப்பில் ஏறிவிட்டேன். படிவ அட்டையைப் பொன்னாத்தா வீட்டில் வைத்துவிட்டது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காளியப்பன் குடிசையில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

குடிசைக்குள் வெளிச்சம் கம்மி. மொக்கைச்சாமியும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காளியப்பனை ஒருக்களித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மொக்கைச்சாமி இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றிருந்தார். மூலையில் பொன்னாத்தா உட்கார்ந்து, பழைய சேலைகளை நான்காக மடித்து மெத்தை மாதிரி தைத்துக்கொண்டிருந்தார். நூல் தீர்ந்தது. பல்லால் கடித்து, விரலில் உருட்டி, அந்த அரை இருட்டில் ஒரே குத்தில் ஊசியில் கோத்தார்.

நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றிருந்தேன். கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"இது வேற ஊசி" என்றார் பொன்னாத்தா.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "ஆத்தா, அப்ப இத்தனை மாசமா என்னை ஏமாத்திக்கிட்டா இருந்தீங்க?"

"உக்காரு புள்ள, செத்த நேரம். கோவப்படாத" என்று சேலையை நகர்த்தி இடம் விட்டார். "நீயே சொன்னேல்ல, பத்துக்குக் கொறஞ்சா ஜீப்பு வராதுன்னு. பத்துல நெசமான சீக்காளி இவன் ஒருத்தன்தான். நாங்க நல்லாயிட்டா சிஸ்டரு வராது. சிஸ்டரு வரலைன்னா இவன் புழுத்துச் செத்துருவான். அதான் ஆளுக்கொரு நோவப் பிரிச்சுக்கிட்டோம். எனக்குக் கண்ணு. மொக்கைக்குக் காலு. அந்தா, அவருக்கு இடுப்பு."

"எனக்கு நெஞ்சு வலிதான் வேணும்னேன். குடுக்க மாட்டேன்னுட்டா" என்றார் மொக்கைச்சாமி.

"நெஞ்சு வலின்னா சிஸ்டரு கொழாய வச்சுப் பாக்கும், கண்டுபுடிச்சுரும்லே!"

சுவரைப் பார்த்தேன். கதவு வழியாக வெயில் விழும் இடத்தில் கரிக்கட்டியால் கோடுகள் இழுத்திருந்தன. நிழல் இந்தக் கோட்டுக்கு வந்தால் வலப்பக்கம், அடுத்த கோட்டுக்கு வந்தால் இடப்பக்கம். ஒவ்வொரு கோட்டுக்கும் யார் முறை என்பது ஒன்பது பேருக்கும் மனப்பாடம். அவர்கள் யாருக்கும் மணி பார்க்கத் தெரியாது. ரோஸி சிஸ்டரின் கவலைக்குப் பதில் அந்தச் சுவரில் இருந்தது.

"இவர் உங்களுக்கு என்ன உறவு ஆத்தா?" என்று கேட்டேன்.

பொன்னாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உறவா! எங்க தோட்டத்துல ஆறு மாசம் கெணறு வெட்டுனான். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கேட்டா, இன்னும் ரெண்டு முழம் இன்னும் ரெண்டு முழம்னே வெட்டிக்கிட்டுப் போனான். முப்பது வருசமா வைஞ்சுக்கிட்டு இருக்கேன், இன்னும் பாதிகூட வைஞ்சு முடிக்கல. அம்புட்டுச் சீக்கிரம் செத்துத் தப்பிக்க விட்டுருவேனா?"

படுத்திருந்த காளியப்பன் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். மறுபக்கம் அசையாது. குழறலாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றார்?"

"இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா தண்ணி வந்திருக்குமாம்" என்றார் பொன்னாத்தா. ஊசியை நறுக்கென்று துணியில் குத்தினார்.

ஜீப்பில் திரும்பும்போது எனக்குள் பெரிய சண்டை. உண்மையை எழுதினால் அந்த ஊருக்கு ஜீப் நின்றுவிடும். மறைத்தால் என் படிவம் பொய். பேகம்பூரில் ஒரு பெண் இப்படி ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பது அப்போது பேச்சாக இருந்தது. அத்தா நாலு பேருக்குப் பதில் சொல்லித்தான் என்னை அனுப்பிக்கொண்டிருந்தார். பொய்ப் படிவம் எழுதியதால் வேலை போயிற்று என்று வீடு போய்ச் சேர முடியாது.

அடுத்த இரண்டு மாதமும் நான் செய்ததை வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் பெருமையோடும். பொன்னாத்தாவிடம் ஊசியைக் கொடுத்தேன். அவர் துளையைத் தவிர மற்ற இடங்களில் குத்தினார். 'நூல் கோக்கவில்லை' என்று எழுதி ஓரத்தில் 'பா' போட்டேன். அவர் கோக்கவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. பென்சிலைத் தவறவிட்டேன். ஒன்பது பேரும் பார்த்தார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, சிரித்துவிடுவேன் என்று.

நீலமேகம் சாருக்கு மாதங்களை அடுக்கி வைத்துப் படிக்கும் பழக்கம் உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

ஒரு நாள் கூப்பிட்டார். மேஜையில் மூன்று படிவங்கள். பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"மொக்கைச்சாமிக்கு எந்தக் கால் மேடம்?"

மூன்று படிவங்களையும் எட்டிப் பார்த்தேன்.

"ஆனி மாசம் வலது கால். ஆடியில இடது கால். ஆவணியில மறுபடி வலது. மூணுக்கும் 'பா' போட்டிருக்கீங்க. வலி இப்படி ஊர் சுத்துமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, சேலை மெத்தை, கரிக்கோடு, தண்ணீர் வராத கிணறு. சொல்லச் சொல்ல அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். முடித்தபோது பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு ஆகியிருந்தது.

"வேலை போயிருமா சார்?" என்றேன்.

"நான் இன்னும் பாக்கலியே. இதெல்லாம் எனக்கு 'கே'தான். புதன்கிழமை நானும் வர்றேன்" என்றார்.

புதன்கிழமை ரெட்டியார்சத்திரத்தில் ரோஸி சிஸ்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல், மொக்கைச்சாமி எந்தக் காலையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருக்க வேண்டும் என்று. ஊருக்குள் திரும்பும் இடத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். எதிரே தப்புச் சத்தம். ஒரு பாடை வந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்னால் ரோஸி சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "காளியப்பன்..." என்று வாயைப் பொத்திக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் இரண்டாவது முறையாக வாதம் அடித்து, வலியில்லாமல் போய்ச் சேர்ந்தாராம். பின்னால்தான் தெரிந்தது.

ஊரில் இளவட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாடையைத் தூக்கி வந்தவர்கள் எங்கள் பட்டியல்காரர்கள். இடுப்பு அசைக்க முடியாதவர் ஒரு முனையில். கை தூக்க வராதவர் ஒரு முனையில். முன்னால் மொக்கைச்சாமி, இரண்டு காலிலும் நிமிர்ந்து, பிள்ளை இல்லாதவனுக்குப் பிள்ளை மாதிரி. கொள்ளிச் சட்டியை இன்னொரு 'தேறாதவர்' ஏந்தி வந்தார். பக்கவாட்டில் பெண்கள் நான்கு பேரும் தெரு முனை வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். படிவப்படி அவர்களில் இரண்டு பேரால் வாசல்படி தாண்ட முடியாது.

அப்போது மொக்கைச்சாமி ஜீப்பைப் பார்த்தார். ஜீப்பில் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் தொப்பி வைத்த அதிகாரியையும் பார்த்தார். பாவம், பல மாதப் பழக்கம். சட்டென்று நொண்டத் தொடங்கிவிட்டார். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் தூக்கியவர்கள் தடுமாறினார்கள்.

"ஏலே மொக்கை!" என்று பொன்னாத்தா போட்ட சத்தத்தில் தப்பு அடித்தவர் நிறுத்திவிட்டார். "நேரா நடலே! இனிமே யாருக்காக நொண்டுற? கீழ போட்டுத் தொலைச்சுறாத!"

மொக்கைச்சாமி நேரானார். பாடை நேரானது. தப்பு மறுபடி ஒலித்தது.

நான் சார் முகத்தைப் பார்க்கப் பயந்து குனிந்திருந்தேன். அவர் இறங்கும் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். டிரைவரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பாடைக்குப் பின்னால் நடந்து, ஆண்களோடு சுடுகாடு வரைக்கும் போனார்.

மதியம் போலத் திரும்பி வந்தார், தலை நனைந்து, வேட்டி ஈரத்தோடு. யாரோ கொடுத்த வேட்டி. பொன்னாத்தா அந்தக் குடிசையைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். சார் உள்ளே வந்து, சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கரிக்கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னா ஜீப்ப நிறுத்தியிருப்பீக."

சார் யோசித்தார். அவர் பொய் சொல்லமாட்டார். "ஆமா. நிறுத்தியிருப்போம்."

"அப்பறம்?" என்றார் பொன்னாத்தா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. சும்மா கேட்டார். கேட்டுவிட்டு, காளியப்பன் படுத்திருந்த இடத்தில் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, "பாவிப்பய, நேத்துக் காலையிலகூட வைஞ்சேன்" என்றார். முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு ஒரு தரம் உடைந்தது.

ரோஸி சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "புண்ணு முழுக்க ஆறியிருந்துச்சு சார். குளிப்பாட்டினவங்ககிட்டக் கேட்டேன். தோல் மூடியிருந்துச்சாம்."

சார் தலையாட்டிவிட்டு எழப் பார்த்தார். முடியவில்லை. ஈர வேட்டி, வழுக்குத் தரை, அரை மணி நேரமாக மடக்கிய கால். இன்னொரு முறை முயன்றார். பொன்னாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கை ஊனாம எந்திரிக்க வரல. எழுதிக்க புள்ள" என்றார். "ஐயாவப் பட்டியல்ல சேத்துக்க."

நானும் சிஸ்டரும் அழுதுகொண்டே சிரித்தோம். சாரும் சிரித்தார், பொன்னாத்தா நீட்டிய கையைப் பிடித்து எழுந்தார். அவர் சிரித்து அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

அடுத்த மாதம் நான் போனபோது ஒன்பது பேரும் வரிசையாக வந்தார்கள். தரையில் உட்கார்ந்து விறைப்பாக எழுந்தார்கள். மொக்கைச்சாமி தளும்பத் தளும்பச் செம்பைக் கொண்டு வந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தார். பொன்னாத்தா ஊசியை வாங்கினார், கோத்தார், திருப்பிக் கொடுத்தார். "போதுமா? இனி யாருக்கு வேணும் இந்தக் கூத்து" என்றார். பென்சிலைத் தவறவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் எப்படியோ விழுந்துவிட்டது. மூன்று பேர் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள்.

ஒன்பது பேரும் தேறியவர்கள். எல்லாவற்றுக்கும் 'பா'. முழு உண்மை. அதை அப்படியே மெட்ராஸுக்கு அனுப்பினோம்.

பதில் வந்தது. எத்தனையோ ஊர்களை மதிப்பிட்டதில் இப்படி ஒன்றைக் கண்டதில்லையாம். ஒரே மாதத்தில் ஒன்பது முதியவர்கள் பூரண குணம்! ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் திட்டம் தோல்வி, அவர் இறந்துவிட்டார். போகட்டும். அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த மருந்து யாது? அளவு என்ன? மற்ற ஊர்களிலும் அதையே கொடுக்க விரும்புகிறார்கள்.

சார் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு புதுப் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கம் எழுதினார். என்னைப் படிக்கச் சொன்னார். நொண்டிய கால், ஊசி, கரிக்கோடு, எல்லாம் இருந்தது. என் பெயரைக் காப்பாற்ற அவர் எதையும் மறைக்கவில்லை. இரண்டு மாதம் நான் தெரிந்தே விட்டுவைத்ததையும் எழுதி, கூடவே 'இதில் என் கவனக்குறைவும் உண்டு' என்றும் எழுதியிருந்தார். தோல்வி என்று அவர்கள் எழுதிய ஆளின் முதுகில் புண் ஆறியிருந்ததை எழுதியிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எழுத்து. பா, பா, கே, பா. கடைசி வரி இது: 'மருந்து ஒன்றும் இல்லை. இவர்கள் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்ததால் தேறினார்கள். பத்துப் பேர் வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுவது நல்லது.' அதன் ஓரத்தில் 'நி' என்று போட்டிருந்தார்.

"சார், 'நி' போட்டிருக்கீங்க" என்றேன்.

"தெரியும்மா. திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்" என்றார்.

திருப்பி அனுப்பவில்லை. வெகுநாள் பதிலே இல்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அத்தாவிடம் காட்டாமல் தோல் மூட்டைக்கு நடுவில் செருகி வைத்தேன். பிறகு ஒரு நாள் ஒற்றை வரி உத்தரவு வந்தது. ஓர் ஊரில் ஒரே ஒருவர் இருந்தாலும் வண்டி போகலாம்.

அந்தச் செய்தியைப் பொன்னாத்தாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஆசை. சங்கத்து வேலை அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். களத்தில் ஒன்பது பேரும் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். காளியப்பனால்தான் இந்த மாற்றம் என்றேன். இனி வட்டாரம் முழுக்க, யாருமற்று ஒற்றையாகப் படுத்திருப்பவர்கள் வீட்டுக்கும் சிஸ்டர் வருவார் என்றேன். எல்லோரும் கையை நிறுத்திக் கேட்டார்கள். மொக்கைச்சாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னாத்தா மட்டும் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஒத்தை ஆளு போதுமா?"

"போதும் ஆத்தா."

"நெசமா?"

"நெசமா."

அவர் மற்ற எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப நம்ம எதுக்கு ஒன்பது பேரும் ஒரே நேரத்துல கஷ்டப்பட்டு முனகணும்? மாசத்துக்கு ஒரு ஆளுன்னு மொறை போட்டுக்கிருவோம். சிஸ்டரு வந்து பேசிட்டுப் போனா நமக்கும் பொழுது போகும்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பங்குனிக்கு நான்தான். எனக்கு எந்த நோவு நல்லாருக்கும்னு நீயே ஒண்ணு சொல்லு புள்ள" என்றார்.

நான் முட்டி என்றேன்.